நான்காவதாக நிற்கும் பிள்ளைக்கு

நூலக சேவையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்து பேசச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். வர ஆசைதான், முழங்கால் விடுவதாக இல்லை. ஆகவே எழுதி அனுப்புகிறேன். வாசித்துக் காட்டுகிறவர் கொஞ்சம் உரத்து வாசிக்கட்டும். பின்வரிசைக்காரர் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியும், நானும் ஒரு காலத்தில் பின்வரிசைதான்.

"இணையக் கருவிகளை நூலகத்தில் பயன்படுத்துவது எப்படி" என்று தலைப்புத் தந்திருக்கிறீர்கள். அதை என்னிடம் கேட்பது பெரிய பகிடி. ஓய்வு பெறும் நாள்வரை கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதி அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தவள் நான். எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதை உங்களிடம்தான் நான் கேட்கவேண்டும். ஆனால் அழுத்தவேண்டிய நேரத்தில் அழுத்தாமல் இருந்த கதை ஒன்று என்னிடம் உண்டு. அதைச் சொல்கிறேன். மன்னார்த் தீவில் எந்த நூலகம் என்று எழுதவில்லை. கதையில் வரும் பெண்ணின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்திருந்தன. வவுனியாவில் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். வலைப்பூ என்ற சொல்லையே அங்கேதான் முதலில் கேட்டேன். பயிற்சி தந்த அம்மையார் என் மகள் வயதுக்காரி. மவுசை நகர்த்த மேசையின் விளிம்பு தடையாக இருக்கிறது என்று நான் அதை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து மெதுவாக மேசையில் வைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார். அந்த மரியாதைக்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன். கடைசி நாள் அவர் ஒரு விஷயம் சொன்னார்.

"கருத்துப் பெட்டி எண்டது உங்கட கவுண்டர். அதில எழுதிற ஆள் உங்களுக்கு முன்னால வந்து நிக்கிறார் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ."

நான் அதைக் கொப்பியில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். கோடு போட்டால் விளங்கிவிட்டதாக நினைக்கிற பழக்கம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தே உண்டு.

ஊருக்கு வந்து வலைப்பூவைத் தொடங்கினோம். தொடங்கினோம் என்றால், ஜெஸீமா தொடங்கினாள், நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். ஜெஸீமா என் உதவியாளர். எங்கள் தீவின் தாராபுரத்துப் பிள்ளை. சின்ன வயதில், போருக்குள் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, குடும்பத்தோடு தீவை விட்டுப் புத்தளத்துக்குப் போகவேண்டி வந்து, அங்கேயே படித்து, தட்டச்சும் பழகி, வளர்ந்த பிறகு திரும்பி வந்தவள். அவளுடைய விரல்கள் தமிழில் ஓடும் வேகத்துக்கு என் கண் ஓடாது. புதுப் புத்தகங்களின் பட்டியல், பூட்டும் நாட்கள், வாசிப்பு மாதப் போட்டிகள் என்று எழுதினோம். ஒருநாள் சாமான் அறையில் கிடந்த பழைய படம் ஒன்றை ஏற்றினோம். போர்க் கரைச்சல் முற்றுவதற்கு முந்திய காலத்துப் பரிசளிப்பு விழாப் படம். அந்தக் காலத்தில் எங்கள் நூலகத்தின் புத்தக வண்டி தீவுக்கு வெளியே பெருநிலப் பக்கத்துக் கிராமங்களுக்கும் போய்வரும். அங்கே உறுப்பினரான பிள்ளைகளும் படத்தில் நின்றார்கள். ஒருவருடைய பெயரும் எங்களுக்குத் தெரியாது. "இந்தப் படத்தில் இருப்பவர்கள் யார்?" என்று தலைப்புப் போட்டோம்.

கருத்துகள் வரத் தொடங்கின. இங்கேதான் நான் என்னுடைய திறமையைக் காட்டினேன்.

கண்டது நிண்டது எல்லாம் எழுதுவார்கள் என்ற பயத்தில், நாங்கள் சரி சொன்ன பிறகே கருத்து வெளியே தெரியும்படி வைத்திருந்தோம். கருத்தொன்று வந்தால் அதன் பக்கத்தில் "அனுமதி" என்று ஒரு பொத்தான் தெரியும். அந்தச் சொல்லைக் கண்டதும் என் கை தானாகவே கோப்பை எடுத்தது. முப்பது வருடம் அரச சேவை செய்தவளுக்கு அனுமதி என்றால் ஒரே பொருள்தான். நமக்கு மேலே இருப்பவரின் கையெழுத்து. வாசகர் குறிப்புப் புத்தகத்தில் யாரும் ஏதும் எழுதினால் அதைப் பிரதி எடுத்து, நூலகத்தை நடத்தும் பிரதேச சபையின் செயலாளருக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். அதே வழக்கத்தில் இதையும் செய்தேன். ஒவ்வொரு கருத்தையும் அச்செடுத்தேன், துளை போட்டேன், இலக்கமிட்டேன். "வலைப்பூவுக்குக் கிடைத்த கருத்து. தங்கள் அனுமதிக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது" என்று எழுதி, பச்சை நூலில் கட்டி அனுப்பினேன். செயலாளர் நல்ல மனிதர். "அனுமதிக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்புவார். அதற்கு ஒரு கிழமை போகும், சிலவேளை கூடவும் போகும்.

"நல்ல முயற்சி, வாழ்த்துகள்" என்று எழுதியவருக்கு ஒன்பதாம் நாள் அனுமதி கிடைத்தது. "இன்று நூலகம் திறந்திருக்குமா?" என்று ஒரு மாணவன் கேட்டிருந்தான். பதினோராம் நாள் அவனுக்கு "ஆம், இன்று திறந்திருக்கும்" என்று பதில் போட்டோம். அவன் கேட்ட நாளோ முழுநிலாப் போயா விடுமுறை, நூலகம் பூட்டு. ஜெஸீமா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய், வாசலில் படுத்திருந்த கழுதைகளைத் துரத்துவதாகச் சாட்டுச் சொல்லிச் சிரித்துவிட்டு வந்தாள். எனக்குக் கோபம். நான் ஒழுங்காக வேலை செய்கிறேன் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

பிறகு ஒரு மாதம், நாலாம் திகதி, கொறற்றியின் கருத்து வந்தது. கொறற்றி என்பது அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர். இப்படி எழுதியிருந்தார்:

"இந்தப் படத்தில் இரண்டாம் வரிசையில் இடப்பக்கம் இருந்து நான்காவதாக நிற்பது நான். எங்கள் ஊர் விடத்தல்தீவு. இந்தியாவில் முகாமில் இருந்துவிட்டுப் போன வருடம் வந்தோம். இப்போது நறுவிலிக்குளத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறோம். எங்கள் வீடிருந்த வளவுக்கு வேறொருவரும் உரிமை கேட்டிருக்கிறார். வரும் பதினெட்டாம் திகதி காலை பத்து மணிக்குக் காணி விசாரணை. நாங்கள் அங்கே இருந்தோம் என்று காட்ட முகவரி போட்ட ஒரு துண்டுகூட என்னிடம் இல்லை. எல்லாம் கடலோடு போய்விட்டது. நான் சேர்ந்தபோது நிரப்பிய படிவம் உங்களிடம் இருக்குமா?"

பிள்ளைகளே, நான் அதை வாசித்தேன். வாசிக்காமல் விட்டேன் என்று நினைக்கவேண்டாம். இரண்டு தரம் வாசித்து, பாவம் என்று மனதுக்குள் சொல்லி, அச்செடுத்து, துளை போட்டு, கோப்பின் மேல் "அவசரம்" என்று சிவப்புத் துண்டும் ஒட்டி அனுப்பினேன். அதோடு என் கடமை முடிந்தது. ஜெஸீமா அப்போது லீவில். தங்கையின் பிள்ளைப்பேற்றுக்குப் புத்தளம் போயிருந்தாள். செயலாளரும் கொழும்பில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டார் என்று நாலு நாள் கழித்துத் தெரிந்தது. தெரிந்தும் நான் பேசாமல் இருந்தேன். பதில் போட அனுமதி வரட்டும், வந்த பிறகு படிவத்தைத் தேடலாம் என்பது என் ஒழுங்கு. நேரில் வந்து கவுண்டரில் நின்று அந்தப் பெண் இதைக் கேட்டிருந்தால், சாவியை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்கு ஓடியிருப்பேன். திரையில் கேட்டதால் அவர் எனக்கு ஆளாகத் தெரியவில்லை, கடிதமாகத் தெரிந்தார். அதுதான் நான் விட்ட பிழை. வேறு யாரிலும் பழி இல்லை.

பதினாறாம் திகதி காலை ஜெஸீமா லீவு முடிந்து வந்தாள். வந்ததும் வராததுமாகக் கணினியைத் திறந்தாள்.

"அக்கா, இந்தப் பிள்ளைக்கு என்ன பதில் குடுத்தனீங்கள்?"

"எந்தப் பிள்ளை?"

"காணி விசாரணை எண்டு எழுதியிருக்கிறா."

"அது பைலில போயிட்டுது. அவசரம் எண்டு சிவப்பும் ஒட்டி விட்டனான்."

"பைல் எங்க?"

"செயலாளற்ற மேசையில."

"செயலாளர்?"

"கொழும்பில."

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "அக்கா, விசாரணை நாளையிண்டைக்கு."

பன்னிரண்டு நாள். ஒரு குடும்பத்தின் வளவு. கந்தோர்க் கோப்பில் எல்லாம் ஒழுங்காக இருந்தது, அந்தப் பெண்ணின் கையில் மட்டும் ஒன்றும் இல்லை. அலுமாரியில் இருந்த சாவிக் கொத்தை எடுத்தேன். சிற்றூழியரைக் கவுண்டரில் இருத்திவிட்டு இரண்டு பேரும் சாமான் அறைக்குள் போனோம்.

பழைய படிவங்கள் மூன்று தகரப் பெட்டிகளில் இருந்தன. திறந்தபோது இன்னொரு சிக்கல் தெரிந்தது. எனக்கு முன் இருந்த நூலகர் சிறுவர்களின் படிவங்களைப் பிள்ளையின் பெயரில் அடுக்கவில்லை, உறுப்பினர் இலக்கத்திலும் அடுக்கவில்லை. பிணை நின்றவரின் பெயரில் அடுக்கியிருந்தார். சிறுவர் ஒருவர் உறுப்பினராக வேண்டுமென்றால் பெரியவர் ஒருவர் பிணை நிற்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். புத்தகம் தொலைந்தால் பிள்ளையையா பிடிப்பது, பிணைகாரரைத்தானே பிடிக்கவேண்டும் என்பது அந்த மனிதரின் கணக்கு. அவருக்கு அது வசதி. எங்களுக்கு, பிணைகாரர் யார் என்று தெரியாமல் பிள்ளையைக் கண்டுபிடிக்க வழி இல்லை.

ஒன்றொன்றாகப் பார்க்கத் தொடங்கினோம். பாதித் தாள்களைக் கறையான் தின்றிருந்தது, மீதி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. பிளேட்டால் பிரித்துப் பிரித்து எடுத்தோம். பின்னேரம் மூன்று மணிக்கு முதல் பெட்டியில் பாதிகூட முடியவில்லை.

"இப்பிடிப் பாத்தா ஹஜ்ஜுப் பெருநாளுக்குத்தான் முடியும்," என்றாள் ஜெஸீமா. "ஆர் பிணை நிண்டது எண்டு அவவிட்டயே கேப்பம்."

"எப்பிடிக் கேக்கிறது? போன் நம்பர் போடேல்லையே."

"அவ எழுதின இடத்திலதான் கேக்கவேணும்."

அவள் சொன்னது சரி. நான் மேசைக்கு வந்து கணினியின் முன் இருந்தேன். அந்தப் பொத்தானில் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன். செயலாளரின் கையெழுத்து இல்லாமல் நான் ஒரு கருத்தையும் வெளியிட்டதில்லை. ஆனது ஆகட்டும், விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் வரட்டும் என்று விரலை வைத்தேன். அவருடைய கருத்தை அப்படியே வெளியிட்டு, அதன் கீழே "உங்களுக்குப் பிணை நின்றவர் யார்?" என்று கேட்பதுதான் என் எண்ணம்.

"பொறுங்கோ அக்கா," என்று ஜெஸீமா என் கையைப் பிடித்தாள்.

"ஏன்? இப்பதானே கெதியாச் செய் எண்டனீர்."

"பெயர் கிடக்கு, ஊர் கிடக்கு, எந்த நாள் விசாரணை எண்டு கிடக்கு. தன்னட்ட ஒரு துண்டும் இல்லை எண்டும் எழுதியிருக்கிறா. அந்த வளவைக் கேக்கிற மற்ற ஆளும் இதை வாசிக்கமாட்டாரோ? அவரும் போன் வைச்சிருப்பார்தானே."

நான் கையை எடுத்துவிட்டேன். பன்னிரண்டு நாள் சோம்பி இருந்துவிட்டு, ஒரு நிமிடத்து அவசரத்தில் அவரைக் கொண்டுபோய்ச் சந்தியில் நிறுத்தப் பார்த்தேன். பிந்தியதற்குப் பரிகாரமாக நாம் அவசரப்படும்போதுதான் இரண்டாவது பிழை நடக்கும். அன்று ஜெஸீமா பிடித்தது என் கையை மட்டும் அல்ல என்று அவளிடம் பல தரம் சொல்லியிருக்கிறேன். "சும்மா இருங்கோ அக்கா" என்று விட்டுவிடுவாள். அதனால் உங்கள் முன்னால் சொல்லிவைக்கிறேன்.

அவருக்கு மட்டும் விளங்கவேண்டும், மற்றவர் வாசித்தாலும் ஒன்றும் பிடிபடக்கூடாது. எப்படி? இரண்டு பேரும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். படத்தில் நிற்கிற பிள்ளைகளுக்குப் பெயர் போடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கருத்தைத் தொடாமல் விட்டோம். அதே படத்தை மறுபடி ஏற்றிப் புதிதாக ஒரு பதிவு எழுதினோம். நான் சொல்லச் சொல்ல ஜெஸீமா அடித்தாள்:

"இரண்டாம் வரிசையில் நான்காவதாக நிற்கும் பிள்ளைக்கு: நீங்கள் நூலகத்தில் சேர்ந்தபோது உங்களுக்குப் பிணை நின்றவர் யார்? உடனே நூலகத்துக்குத் தொலைபேசி எடுங்கள். தேடிக்கொண்டிருக்கிறோம்."

வெளியிடும் பொத்தானை நானே அழுத்தினேன். யாருடைய கையெழுத்தும் இல்லாமல் நான் செய்த முதல் வேலை அது. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகும் நேரம்வரை தொலைபேசியைப் பார்த்தபடியே இருந்தேன். ஒரே ஒரு அழைப்பு வந்தது. பேசாலையில் இருந்து ஒரு பெரியவர்.

"பிள்ளை, நாலாவதா நிக்கிறது நான்தான்."

"ஐயா, அதில நிக்கிறது பொம்பிளைப் பிள்ளையெல்லோ?"

"வலப்பக்கத்தில இருந்து எண்ணிப் பாருங்கோ."

எண்ணிப் பார்த்தேன். பிள்ளைகளோடு நின்ற வளர்ந்த ஆள், அவர்தான். வேறொரு நாளாக இருந்தால் கொண்டாடியிருப்பேன். அவருடைய பெயரைக் குறித்துக்கொண்டு நன்றி சொல்லி வைத்தேன்.

பதினேழாம் திகதி காலை நூலகத்தைத் திறக்கும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் எடுத்தேன்.

"மிஸ், நான் நாலாவது பிள்ளை." மூச்சு வாங்கும் குரல். "மகன் இப்பதான் போனில காட்டினவன். எனக்குப் பிணை நிண்டது ஹனீபா நானா. எங்கட பக்கத்து வளவு. அப்பா கடலுக்குப் போயிருந்தவர். அம்மா கையெழுத்து வைக்கப் பயந்தவ. புத்தக வண்டி போகப்போகுது எண்டு நான் அழ, நானா கடையைப் பூட்டிப்போட்டு ஓடிவந்து கையெழுத்து வைச்சவர். அந்தப் படிவம் இருக்குதா மிஸ்?"

"பஸ்ஸைப் பிடிச்சு வாங்கோ," என்றேன். இருக்கிறது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஹ வரிசைக் கட்டு மூன்றாவது பெட்டியின் அடியில் இருந்தது. பத்து நிமிடம் ஆகவில்லை. ஓரம் மட்டும் கறையான் தின்றிருந்தது, எழுத்து தப்பியிருந்தது. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், விடத்தல்தீவு முகவரி, கிராம அலுவலரின் முத்திரை. கீழே பிணைகாரருக்கான பகுதி. "விண்ணப்பகாரரை எவ்வாறு அறிவீர்?" என்ற கேள்விக்கு மற்றவர்கள் எல்லாம் "உறவினர்", "அயலவர்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதியிருப்பார்கள். ஹனீபா நானா கடைக்காரர் அல்லவா, விவரமாக எழுதியிருந்தார்: "எனது வேலிக்குக் கிழக்குப் பக்கத்து வளவுப் பிள்ளை. பிறந்த நாள் முதல் தெரியும். புத்தகத்துக்கு நான் பொறுப்பு."

ஜெஸீமா அதை வாசித்துவிட்டு அப்படியே பெட்டியின் மேல் இருந்துவிட்டாள். "இதை எழுதி ரெண்டு மூண்டு வருசத்தில நானா குடும்பமும் எங்களைப் போல வெளிக்கிட்டிருப்பினம்," என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு போட்டோப் பிரதி எடுக்க எழுந்து போனாள்.

மத்தியானத்துக்குள் கொறற்றி வந்துவிட்டார். என்னைவிட இளையவர், ஆனால் வெயிலில் வயல் வேலை செய்த உடம்பு வயதைக் கூட்டிக் காட்டியது. படிவத்தை அவர் முன்னால் வைத்தோம். அவர் தொடவில்லை. கையைச் சேலையில் துடைத்துவிட்டுத்தான் தொட்டார். தன் பெயரை வாசிக்கவில்லை, தகப்பனின் பெயரை வாசித்தார். பிறகு "ஒரு துண்டு கேட்டன், முழுத் தாளே தந்திட்டீங்களே" என்று அழுதார். அவருடைய படிவம் அவருக்கே என்றாலும், பிரதி கேட்டு அவரிடம் ஒரு வரி எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிரதியில் "மூலத்துடன் ஒப்பிடப்பட்டது" என்று எழுதி நூலக முத்திரை குத்தி நான் கையெழுத்து வைத்தேன்.

மூலப் படிவத்தை நூலகத்தின் பொறுப்பில் இருந்து விடமுடியாது. அதனால் அடுத்த நாள் அதை உறையில் போட்டு நானே எடுத்துக்கொண்டு விசாரணைக்குப் போனேன். கொறற்றியின் பக்கத்தில் மர வாங்கில் இருந்தேன். விசாரித்த அதிகாரி இளம் பெண். படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நூலகத்தில இருந்து ஒருத்தரும் இதுக்கு முதல் வந்ததில்லை" என்றார். அன்றே முடிவு வரவில்லை. வேலிக்கு மேற்குப் பக்கத்துக்காரரை, அதாவது ஹனீபா நானாவை, அழைத்துக் கேட்கவேண்டும் என்று தவணை போட்டார்கள். ஜெஸீமா புத்தளத்தில் தன் சொந்தக்காரருக்கு நாலு அழைப்பு எடுத்தாள். ஹனீபா நானா காலமாகியிருந்தார். அவருடைய மகள் அடுத்த தவணைக்குப் பஸ் ஏறி வந்து, தகப்பனின் கையெழுத்துத்தான் இது என்று சொல்லி, எந்தப் பூவரசில் இருந்து எந்தப் பூவரசுவரை வேலி ஓடியது என்பதையும் சொன்னார். உரிமை கேட்ட மற்றவரும் அதைக் கேட்டபின் வாக்குவாதப்படவில்லை. வளவு கொறற்றியின் குடும்பத்துக்கே என்று முடிவானது.

இடையில் செயலாளர் கொழும்பில் இருந்து வந்துவிட்டார். அனுமதி இல்லாமல் பதிவு போட்டது, பிரதியை உறுதிப்படுத்தியது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். அவர் வாசித்தார். மேசையில் கிடந்த சிவப்புத் துண்டு ஒட்டிய கோப்பையும் திறந்து பார்த்தார்.

"மிஸ், இதையெல்லாம் எனக்கு அனுப்பச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?"

நான் யோசித்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

"நீங்கள் அனுப்பிறீங்கள் எண்டுதான் நான் கையெழுத்து வைச்சன்," என்றார் அவர். "நானும் இது என்ன சட்டம் எண்டு கேக்கப் பயந்து பேசாமல் இருந்தனான்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அன்று பின்னேரம் பச்சை நூலை அவிழ்த்து அந்தக் கோப்பை மூடினேன். ஒருவரும் கேட்காத அனுமதியை நானே கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு கோப்பு எங்காவது இருக்கும், தேடிப் பாருங்கள்.

வளவு முடிவான கிழமை கொறற்றி நூலகத்துக்கு வந்தார். மகனையும் கூட்டிக்கொண்டு வந்து உறுப்பினராக்கினார். எல்லாம் முடிந்து எழும்பப் போனபோது நான் அவரை மறித்தேன். மனதில் கிடந்ததைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

"கொறற்றி, நீங்கள் நாலாம் திகதி எழுதினனீங்கள். நான் பதினாறாம் திகதிதான் தேடினன். அந்தப் பன்னிரண்டு நாளும் என்னில பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவருக்கு நான் சொன்னது விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"ஏன் மிஸ் அப்பிடிச் சொல்லுறீங்கள்? நான் ஒவ்வொரு நாளும் மகன்ர போனில திறந்து பாத்தனான். நான் எழுதினது அதில அப்பிடியே கிடந்தது. மேல, 'உங்கள் கருத்து அனுமதிக்காகக் காத்திருக்கிறது' எண்டு கிடந்தது. மற்றக் கந்தோருகளில குடுத்த கடிதம் என்னாச்சு எண்டே தெரியாது. நாளைக்கு வா, அடுத்த கிழமை வா எண்டுவாங்க. இது மட்டும்தான் ஒவ்வொரு நாளும் பதில் சொன்னது. ஆரோ ஒரு ஆள் என்ர கடிதத்தைக் கையில வைச்சிருக்கிறார், எறியேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு படுப்பன்."

எழுதுகிறவரின் பக்கத்தில் அப்படி ஒரு வரி தெரியும் என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது. எத்தனை கருத்துகளை அச்செடுத்தேன், ஒருநாளாவது வாசகரின் பக்கத்தில் நின்று அந்தப் பெட்டியை நான் பார்த்ததில்லை. அந்த வரியை எழுதியது ஏதோ ஒரு தேசத்தில் இருக்கும் எவரோ. கொறற்றி அதை நம்பிப் பன்னிரண்டு நாள் நித்திரை கொண்டிருக்கிறார். கையில் வைத்திருந்த ஆள் நான்.

அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார். வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"ஆனாலும் மிஸ், பன்ரண்டு நாள் கொஞ்சம் கூடத்தான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெஸீமா ஒன்றும் காணாதவள் மாதிரிக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு நான் செய்ததைவிட, அவர் என்னைக் கோபிக்காமல் விட்டது பெரிது. அந்த நன்றியோடுதான் மிச்சச் சேவைக் காலத்தை முடித்தேன்.

பிள்ளைகளே, இன்று காலை உங்கள் கருத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா?